வலது பக்கம், சற்றே பின்னால்

தம்புரா எங்கே இருக்கிறது என்று
இந்த ஸ்பீக்கர்களில் தெரியும்.
வலது பக்கம், சற்றே பின்னால்,
பாடுகிறவளின் தோளிலிருந்து இரண்டு முழம்.
அதாவது, ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
போன வருஷம் வரை பீரோ நின்ற இடம்.

பீரோவை நகர்த்த எழிலியிடம் கேட்டேன்,
கேட்காமல் இல்லை.
அவள் புடவைகள் அன்றிலிருந்து
அட்டைப்பெட்டியில் இருக்கின்றன.

ரிச்சி தெரு முபாரக் முதலில் விற்றது
ஒரே ஒரு கேபிள்.
"மாட்டிட்டுக் கேளுங்க சார்,
பழைய பாட்டெல்லாம் புதுசாயிடும்."
ஆகவில்லை.
எவ்வளவு பழசு என்பது கேட்டது.

பெரம்பூர் ஸ்டேஷன் டீக்கடையில்
ரெண்டு ரயிலை விட்டுவிட்டுக் கேட்ட பாட்டு ஒன்று.
அதன் மூன்றாம் வரியில்
டேப் கிழிந்து ஒட்டியிருக்கிறார்கள்.
ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் போதும்,
அதற்கப்புறம் பாட்டு என்பது
கிழிசலுக்கு முன், கிழிசலுக்குப் பின்.

அதை எடுத்துவிட்டேன்.
பிறகு வயலின்கள் தகரமாய்க் கீச்சிடும் பாட்டுகளை.
பிறகு மோனோ மொத்தத்தையும்.

பி.எஃப். பணத்தில் பாதி ஆம்ப் ஆன பிறகு
அதற்குத் தகுதியாக மிஞ்சியவை:
பெயரை உச்சரிக்கத் தெரியாத நார்வேக்காரன் ஒருவன்
மரத் தேவாலயத்தில் வாசித்த டபுள் பாஸ்,
ஒரு ஜப்பானியப் பெருமுரசு,
கண்ணாடி டம்ளர் உடையும் சத்தம்,
பதினோரு நிமிஷம் மழை.

அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருந்த நவம்பரில்
வேளச்சேரியில் நிஜமாகவே கொட்டியது.
எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.
கீழ்ஸ்தாயியைக் கெடுக்கிறது.

ஞாயிறுதோறும் தணிகாசலம் வருவார்,
ஏ.ஜி. ஆபீஸ், ரிட்டயர்டு.
கண்ணை மூடி, விரலை உயர்த்தி
"காத்து இருக்கு பாரு, குரலைச் சுத்தி" என்பார்.
இருக்கும்.
மாடி வீட்டு போர் மோட்டார் ஓடினால்
இருவரும் ஒரே நேரத்தில் முகம் சுளிப்போம்.
நாங்கள் பாட்டைப் பற்றிப் பேசி
நான்கு வருஷம் இருக்கும்.

மார்கழியில் எழிலி
மயிலாப்பூர் சபா ஒன்றுக்கு இழுத்துப் போனாள்.
ஏழாவது வரிசை. கேன்டீனிலிருந்து போண்டா வாசனை.
மேடையில் தம்புராவைக் கண்ணால் பார்த்தேன்,
மூக்குத்தி போட்ட ஒரு பெண் மீட்டிக்கொண்டிருந்தாள்.
கண்ணை மூடினேன்,
எங்கேயும் இல்லை.
மிருதங்கம் நனைந்த அட்டை.
வயலின் கூரையிலிருந்து வந்தது.
மோசமான பதிவு என்று நினைத்தேன்,
அப்புறம்தான் உறைத்தது.

பாடகர் இருமினார், பிளாஸ்கைத் திறந்தார்,
விட்ட வரியையே மறுபடி எடுத்தார்.
ஐந்து தடவை, ஆறு தடவை.
ஏழாவதில் அது எங்கோ திரும்பியது.
என் கை மயிர் சிலிர்த்தது.
என்ன மைக்காக இருக்கும் என்று
யோசித்தேன்.
எழிலி என் முழங்காலில்
தப்பாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோ.
சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பீக்கர்,
இடுப்பெலும்பு வரை அதிர்கிற ரகம்.
விஜயநகர் சிக்னலில் அந்தப் பாட்டு வந்தது,
டீக்கடைப் பாட்டு.
மூன்றாம் வரிக்காகப் பல்லைக் கடித்துக் காத்திருந்தேன்.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
வரி போய்விட்டது,
கிழிசல் எப்போது வந்தது என்றே தெரியவில்லை.
டிரைவர் கேட்ட இருபதை
பேசாமல் சேர்த்துக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி மூன்று மணி.
கரண்ட் சுத்தமாக இருக்கும் நேரம்.
தேடி எடுத்துப் போட்டேன் அதை.
கிழிசல் இருந்தது, பத்திரமாக,
நட்டநடுவில்.

தூக்கக் கண்ணோடு எழிலி வந்து
பீரோ இருந்த இடத்தில் நின்றாள்.
"கொஞ்சம் தள்ளேன்,
தம்புராவை மறைக்கிறே."

கொஞ்ச நேரம் கேட்டாள்.
"இந்தப் பாட்டுல
தம்புராவே இல்லையே" என்றாள்.